என் தம்பி பெயரில் ஒரு தீர்மானம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, படையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே, நாற்காலி கிடைத்து உட்கார்ந்திருப்பவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பம்பு அறைக்காரர்களே, குழாய்க்குக் குழி வெட்டுகிறவர்களே, என்னோடு மணல் கழுவும் பெண்களே, முதல் வரிசையில் இருக்கும் என் தம்பி மனைவியே, அம்மாவின் தோளிலிருந்து கையை எடுக்காமல் இருக்கும் என் மருமகளே, எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். நல்ல தமிழ். “அஞ்சா நெஞ்சனே, வீரத்தின் விளைநிலமே” என்று ஆரம்பிக்கிறது. மன்னிக்க வேண்டும், செயலாளரே. என் தம்பி பாம்புக்குப் பயப்படுகிறவன். வால்வுக் குழியின் மூடியைத் தூக்கினால் முதலில் ஒரு கல்லைப் போட்டுப் பார்ப்பான். இன்னொரு கல்லும் போடுவான். அதற்குப் பிறகுதான் காலை வைப்பான். உங்களில் பாதிப் பேர் அவனைக் கேலி செய்திருக்கிறீர்கள். “என்னப்பா, பாம்பு வீட்டுல இருக்கான்னு கேட்டுட்டியா?” என்று கேட்டவர் இதோ மேடையிலேயே இருக்கிறார். அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஊருக்கு வரும் தண்ணீர் எந்த மணல் வழியாக வடிகிறதோ, அந்த மணலை வாரி, அழுக்குப் போகக் கழுவி, திரும்பத் தொட்டியில் போடுகிறவள். மேடைப் பேச்சுக்கும் எனக்கும் வெகு தூரம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடித்ததும் இங்கே ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார்கள். அந்தத் தூர தேசத்தில் நடக்கிற சண்டையை அடக்க நம் அரசாங்கம் அனுப்பியிருக்கும் படையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று ஒரு பகுதி. அந்தப் படையோடு நம் குடிநீர் நிலையத்திலிருந்து இன்னும் ஆறு பேரை அனுப்பி வைப்போம் என்று இன்னொரு பகுதி. இரண்டும் என் தம்பி பெயரில். அவன் நினைவாக. கையைத் தூக்கி நிறைவேற்றச் சொல்வார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்கள். “குடும்பத்து சார்புல நீங்க முன்மொழிஞ்சீங்கன்னா கூட்டத்துக்கே ஒரு கனம் வரும்க்கா” என்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பதிலைக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால், யார் பெயரில் இதைச் செய்கிறீர்கள் என்று நீங்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

என் தம்பி வால்வு திறக்கிறவன். நீளக் கைப்பிடிச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் சைக்கிளில் கிளம்புவான். அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆரம்பிப்பார்கள். வழியில் இருப்பதை வரிசையாகத் திறந்துகொண்டே போவார்கள். கடைசித் தெருவுக்குப் போகும்போது குழாயில் காற்றுதான் வரும். இவன் தலைகீழாக மாற்றினான். பக்கத்து வால்வுகளையெல்லாம் அடைத்துவிட்டு, நேரே கடைசிக்குப் போவான். அங்கே குடங்கள் நிறைந்த பிறகுதான் ஒவ்வொரு தெருவாகத் திரும்பி வருவான். அதனால்தான் அவனுக்குக் ‘கடைசித் தெரு’ என்று பட்டப்பெயர். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்கு யார் என்றே தெரியாது.

எத்தனை வசவு வாங்கியிருக்கிறான் தெரியுமா! தொட்டிக்கு எதிர்வீட்டு அம்மா ஒருத்தி, நெஞ்சில் பட்டதை வாயில் நிறுத்தாதவள், சைக்கிளையே மறித்தாள்.

“ஏன்யா, தொட்டி எங்க தலைக்கு மேல இருக்கு. அதோட நிழல் எங்க வீட்டுல விழுது. தண்ணி மட்டும் எங்களுக்குக் கடைசியா? நிழலைக் குடிக்கச் சொல்றியா?”

“கிட்ட இருக்கறவங்களுக்கு எப்படியும் வந்துடும்மா. எட்ட இருக்கறவங்களுக்கு நாமதான் அனுப்பணும்.”

“அப்போ உன் கல்யாணத்துலயும் கடைசிப் பந்திக்குத்தான் மொதல்ல போட்டியா?”

“ஆமாம்மா. அதான் மொதப் பந்தியில உட்கார்ந்த மாமனார் இன்னும் என்கூடப் பேசறதில்ல.”

அந்த அம்மா சிரித்துவிட்டாள். வழியை விட்டாள். அவளும் இன்று வந்திருக்கிறாள், அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அழாதீங்கம்மா. உங்களுக்கு அவன் ஒரு நாளாவது தண்ணீர் இல்லாமல் விட்டானா? விடவில்லை. மதியம் ஆனாலும் வந்துவிடும். ஏனென்றால் இங்கே மின்சாரம் இருந்தது. பம்பு நாள் முழுக்க ஓடியது. இதை மனதில் வையுங்கள். பிறகு சொல்கிறேன்.

சரி, அந்த ஊர்ச் சண்டை எப்படி நம் வீட்டுக்குள் வந்தது? தொலைக்காட்சி வழியாக வந்தது. அந்த ஊர்ப் பெயரை நான் இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. தொழிலாளர் ஓய்வறையில், மூலையில் இருக்கிற அந்தப் பெட்டியில், ஒரு பெண் சாக்கடை ஓரமாகக் குந்தி, துணியை மடித்து மடித்து வைத்துத் தண்ணீரை வடிகட்டுகிறாள். எல்லோரும் “அடப்பாவமே” என்றோம். “அடப்பாவமே” சொல்லிவிட்டு டிபன் பாத்திரத்தைத் திறந்தோம். நானும் திறந்தேன். என் தம்பி மட்டும் திறக்கவில்லை. “அக்கா, அந்தத் துணியில வடியாதுக்கா. நாலு மடிப்பு போதாது” என்றான். அவனுக்கு அந்தச் சண்டையில் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான். நம் அரசாங்கத்துக்கு எவ்வளவு தெரிந்தது என்று இப்போது யோசித்தால், வயிறு எரிகிறது!

படை அனுப்பப் போகிறோம், சமாதானத்துக்காக என்றார்கள். படையோடு குடிநீர்க்காரர்களும் போக வேண்டும் என்றார்கள். சங்கத்தில் கேட்டதும் இவன் பெயர் கொடுத்துவிட்டான். வீட்டில் சொல்லாமல் கொடுத்துவிட்டு, என் சமையலறைக்கு வந்து, வெங்காயம் உரிக்கிறேன் என்று கத்தியை வாங்கினான். வெங்காயம் உரிக்க அவன் தானாக வந்தால் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

“ஊரான் வீட்டுச் சண்டைக்கு நாம எதுக்குடா போகணும்?” என்று கேட்டேன்.

“பக்கத்து வீட்டுல ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சா நீ என்னக்கா பண்ணுவ?”

“கதவைத் தட்டுவேன்.”

“தட்டினியே. அந்தத் தையல்காரர் வீட்டுல.”

“தட்டினேன். என்ன ஆச்சு? அடி வாங்கினவளே வெளிய வந்து, ‘என் புருஷன், என் முதுகு, உனக்கென்னடி’ன்னு கேட்டா. உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி. எனக்கு ரெண்டு பக்கமும்.”

“அதுக்கப்புறம் அடிச்சானா?”

“அன்னைக்கு அடிக்கல.”

“அப்போ தட்டினது சரிதானே?”

“டேய், அது பக்கத்து வீடுடா! இது கப்பல்ல போற தூரம்!”

அப்போது அவன் கேட்டான். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். “சரி, எத்தனை வீடு தள்ளி இருந்தா விட்டுடலாம்? நீயே ஒரு கணக்கு சொல்லுக்கா. பத்து வீடு? நூறு வீடு? எந்த வீட்டுலேர்ந்து அவங்க மனுஷங்க இல்ல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. “தனக்கு மிஞ்சித்தாண்டா தானமும் தர்மமும்” என்று கத்தினேன். “உன் வீட்டு ஓட்டுல ஒழுகுறதை மொதல்ல பாரு” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வெங்காயத்தை எடுத்தான். கிளம்பும் நாள்வரை இதே சண்டைதான். ஒரு நாள் நான் ஜெயிப்பேன். மறுநாள் அவன் புதிதாக ஏதாவது யோசித்துக்கொண்டு வந்து நிற்பான். “நேத்து நீ சொன்னதுல ஒரு ஓட்டை இருக்குக்கா” என்பான். அடைக்கிற வேலைக்காரனுக்கு ஓட்டை கண்ணில் படாமல் இருக்குமா?

போன அன்று நாம் எல்லோரும் நம் நிலையத்து வாசலில் நின்று வழியனுப்பினோம். நினைவிருக்கிறதா? முன்னால் துப்பாக்கி வண்டிகள். அதற்குப் பின்னால் துப்பாக்கி வண்டிகள். அதற்கும் பின்னால் கொடி கட்டிய வண்டி, படம் பிடிக்கிறவர்கள் வண்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில் நம் குழாய் லாரி. “பார்த்தியாக்கா, இங்கயும் நான் கடைசித் தெருதான்” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வரிசையைப் பார்த்த எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா, இவர்கள் தண்ணீர் கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால் தண்ணீர் ஏன் கடைசியில் போகிறது என்று?

இனி அங்கே நடந்தது. இதை நான் நேரில் பார்க்கவில்லை. அவனோடு போய், கையில் கட்டோடு திரும்பி வந்து, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் வெல்டர் தம்பி எனக்குச் சொன்னது. தப்பாகச் சொன்னால் எழுந்து திருத்து, தம்பி.

ஒரு மேடு. மேட்டில் பம்பு நிலையமும் தொட்டியும். மேட்டடியில் ஒரு குடியிருப்பு. சந்தையைத் தாண்டி, வறண்ட வாய்க்காலைத் தாண்டி, இன்னொரு குடியிருப்பு. பம்பைப் பழுது பார்த்தார்கள். குழாயை ஒட்டவைத்தார்கள். தண்ணீர் ஏறியது. என் தம்பி என்ன செய்வான்? இத்தனை வருஷம் என்ன செய்தானோ அதைத்தான் செய்தான். பக்கத்து வால்வுகளை அடைத்தான். கடைசிக்குத் திறந்தான். கடைசியில் இருந்தவர்கள் அழுதார்களாம். குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். மதியம் பக்கத்துக் குடியிருப்புக்குத் திறக்கலாம் என்று இருந்தான்.

அங்கே மின்சாரம் கிடையாது. படை கொடுக்கிற டீசலில்தான் பம்பு ஓடியது. அந்த டீசல் மதியத்துக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. மறுநாளும் தீர்ந்தது. அதற்கு மறுநாளும். இன்றைக்காவது மதியம் தாண்டும் என்று நம்பி அவனும் அதே வரிசையில் திறந்தான். பக்கத்தில் இருப்பவர்கள் தலைக்கு மேல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காலிக் குடத்தோடு நின்றார்கள்.

இதில் கேடு என்னவென்றால், அந்த இரண்டு குடியிருப்புக்கும்தான் சண்டையே! அந்தத் தேசத்தில் நடக்கிற பெரிய சண்டையில் மேட்டடிக்காரர்கள் ஒரு கட்சி, வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர்கள் மறு கட்சி. இது என் தம்பிக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. படைத் தலைவர், கடைசிக்கு முதலில் கொடுப்பது தண்ணீர்க்காரர்களின் தொழில்முறை, நாம் தலையிடக் கூடாது என்று இருந்துவிட்டாராம். மொழிபெயர்க்க வைத்திருந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். அவரோ, இது மேலிடத்து முடிவு, வந்த நாட்டுக்காரர்கள் பக்கம் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டாராம். மேட்டடியில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நினைத்துவிட்டார்கள். “துப்பாக்கியோட வந்தவன் எதிரிக்குத் தண்ணி கொடுக்கறான், நம்மைக் காய வைக்கறான்.” நாமாக இருந்தால் வேறு என்ன நினைத்திருப்போம்?

இங்கே தெருச் சண்டையோடு போய்விட்ட ஒரு பழக்கம், அங்கே ஒரு போரில் ஒரு பக்கம் ஆகிவிட்டது. ஒரு வால்வு! ஒரே ஒரு வால்வு!

பெண்கள் குடங்களோடு நிலையத்து வாசலுக்கு வந்தார்கள். நம் சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினார்கள். பிள்ளைகள்தான் அவர்களும், பயந்திருப்பார்கள். என் தம்பிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “ஐயையோ, நான் மதியம் தரலாம்னுதானே இருந்தேன்” என்றானாம். “அவங்ககிட்ட நானே சொல்லிட்டு வரேன்” என்றானாம். வெல்டர் தடுத்தார்.

“பாஷை தெரியாதுண்ணே, என்னன்னு சொல்லுவீங்க?”

“குடத்தை வாங்கி ரொப்பிக் கொடுத்தா புரியாதா? அதுக்கு எதுக்குடா பாஷை?”

வெளியே போனான். ஒரு பெண்ணின் கையிலிருந்து குடத்தை வாங்கினான். அவளும் கொடுத்தாள். வெல்டர் அதைப் பார்த்திருக்கிறார், கொடுத்தாள் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு எங்கிருந்தோ ஒரு வெடி. எல்லோரும் ஓடினார்கள். அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் சுட்டார்கள். வெல்டர் கையில் பட்டது அப்போதுதான். என் தம்பி அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டான்.

யார் சுட்டது? அதைத்தான் கேட்கிறேன். யார் சுட்டது? வெல்டரைக் கேட்டேன். “சத்தியமா தெரியாதுக்கா. மேட்டுலேர்ந்தா, வாய்க்கால் பக்கத்துலேர்ந்தா, நம்ம பசங்ககிட்டேர்ந்தான்னுகூட எனக்குத் தெரியாதுக்கா” என்றார். அதிகாரி ஐயாவையும் கேட்டேன். ஐயா நல்லவர், உடலோடு கூடவே வந்து எங்களிடம் ஒப்படைத்தவர், அதை மறக்க மாட்டேன். அவரும், “விசாரணை நடக்குதும்மா” என்றார். நடக்கட்டும். ஆனால் செயலாளரே, உங்கள் தீர்மானத்தில் “எதிரிகளின் குண்டுக்கு இரையான” என்று இருக்கிறதே! விசாரணை செய்கிறவர்களுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எதிரி யார்? மேட்டுக்காரனா, வாய்க்கால்காரனா? அங்கே நமக்கு எதிரியே இல்லை, அதனால்தான் போகிறோம் என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள்? போய் இறங்கி ஒரு மாதத்துக்குள் நமக்கு எதிரி எங்கிருந்து முளைத்தான்?

இப்போது அந்தப் பம்பும் நின்றுவிட்டது. மேட்டடிக்கும் தண்ணீர் இல்லை, வாய்க்காலுக்கு அப்பாலும் இல்லை. இங்கேயும் கேளுங்கள். அவன் போன நாளிலிருந்து நம் கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வருகிறது. அவன் இடத்துக்கு வந்தவர் பழையபடி தொட்டிப் பக்கத்திலிருந்து திறக்கிறார். தலைவரே, இதைப் பற்றி உங்கள் தீர்மானத்தில் ஒரு வரி உண்டா? தேடிப் பார்க்கச் சொன்னேன். இல்லை என்றார்கள்.

இதைக் கேட்டு, வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாரே, ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர் ஐயா, அவருக்கு மனம் குளிர்ந்திருக்கும். “அந்நிய மண்ணில் நமக்கென்ன வேலை” என்று அச்சடித்திருக்கிறார். ஐயா, உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. உடல் வந்த அன்றைக்கே எங்கள் வாசலில் நின்று, “நான் அப்பவே சொன்னேன்மா, கேட்டானா?” என்றீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். உங்களைவிட அதிகமாகச் சொன்னேன். ஆனால் அவன் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் எதற்காகச் சொன்னீர்கள்? சாவு வீட்டு வாசலில் ஜெயித்துக் காட்டுவதற்கா? உங்கள் நோட்டீஸில் அந்தச் சாக்கடை ஓரத்துப் பெண் எங்கே இருக்கிறாள்? “எத்தனை வீடு தள்ளி இருந்தா விட்டுடலாம்” என்று அவன் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இல்லாதவர் அவனை முட்டாள் என்று சொல்லக் கூடாது. என் எதிரில் சொல்லக் கூடாது!

என் தம்பி மனைவி என்னிடம் ஒன்று கேட்டாள். இங்கே கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். “அண்ணி, நீங்க என்ன வேணா பேசுங்க. அவர் போனது தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல.” வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. நான் அதைத்தானே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? இப்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது? சொன்னால் இவளுக்கு என்ன மிச்சம்?

சொல்லவில்லையம்மா. யோசித்துப் பார்த்தேன், எனக்கே இப்போது அது சரியாகப் படவில்லை. அவன் போனது தப்பில்லை. அவனை அனுப்பியதுதான் தப்பு. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றில்லை. போனவன் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போனான். ஒரு பெண் துணியில் வடிகட்டுவதைப் பார்த்துப் போனான். அனுப்பியவர்கள் எதற்கு அனுப்பினார்கள்? பெரிய நாடுகளோடு வரிசையில் நின்று கை குலுக்குவதற்கா? நாமும் படை அனுப்புகிற ஆள்தான் என்று காட்டுவதற்கா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது மாதிரி, யார் வீட்டுப் பிள்ளையையோ எடுத்து யாருக்குப் பரிமாறினார்கள்?

தம்பி கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போதுதான் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கேட்க அவன் இல்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். எத்தனை வீடு என்பது கணக்கே இல்லையடா, தம்பி. நான் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டியபோது எனக்கு எல்லாம் தெரியும். யார் அடிக்கிறான், யார் அழுகிறாள், அவள் அம்மா வீடு எங்கே, விடிந்தால் அவள் எங்கே போவாள், எல்லாம் தெரியும். கையில் கட்டையும் கொண்டு போகவில்லை. அவள் என்னைத் திட்டினாள், நான் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், மறுநாள் அவளே வந்து மாவு கேட்டாள். ஒரு வீட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்தால், அது கடலுக்கு அப்பால் இருந்தாலும் போய்த் தட்டலாம். தெரியாவிட்டால், எதிர் வீடாக இருந்தாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நுழையக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? நம்மை ஆள்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

இதற்கும் அவன் மறுநாள் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். “எல்லாம் தெரிஞ்சுக்கறவரைக்கும் அவ சாக்கடையைக் குடிக்கணுமாக்கா?” என்று கேட்டிருப்பான். கேட்டால் என்ன சொல்வேன்? தெரியாது. நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல இங்கே வரவில்லை. அவன் எதிரில் நின்று பதில் சொல்லாதபோது நான் ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா? அக்காவாகிய எனக்கே அவனை என் கட்சிக்கு இழுத்துக்கொள்ள உரிமை இல்லை. உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

அதனால் தலைவர் அவர்களே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். நான் முன்மொழிய மாட்டேன். அவன் பெயரையும் தர மாட்டேன். தீர்மானம் போடுங்கள், அது சங்கத்தின் உரிமை. உங்கள் பெயரில் போடுங்கள். “நாங்கள் அனுப்புகிறோம்” என்று எழுதுங்கள். அவன் படத்தை மேசையில் வைத்து, அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் முன் வரிசையில் உட்கார வைத்து, அழுகிற கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கு என்றால் எவன் தூக்காமல் இருப்பான்? அந்த ஆறு பேரில் யாருக்காவது மனதில் ஒரு தயக்கம் இருந்தால் அதை இங்கே வாய் திறந்து சொல்ல முடியுமா? சொன்னால் துரோகி என்பீர்கள். கண்ணைத் துடைக்கிற கையைப் பிடித்துக் கைநாட்டு வாங்குகிற வேலை இது. என் தம்பி இப்படி யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. அவன் போவதற்கு முன்னால் தன் சொந்த அக்காவிடம் நாள் தவறாமல் சண்டை போட்டுவிட்டுப் போனான்.

அவன் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லிவிட்டுத்தான் இப்படிப்பட்ட கூட்டத்தில் பேச்சை முடித்து உட்கார வேண்டும் என்றார்கள். நானும் ஒரு உறுதி சொல்கிறேன். பெயர் கொடுத்திருக்கிற ஆறு பேரும், யாரென்று எனக்குத் தெரியும், எல்லோரும் என் கண் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் என் சமையலறைக்கு வர வேண்டும். அந்த ஊரில் யார் எந்தப் பக்கம், டீசல் யார் கையில், மொழி தெரிந்தவன் யாருக்குப் பயப்படுகிறான், கூடவே துப்பாக்கி எதற்கு வருகிறது என்று நான் கேட்பேன். மடக்கி மடக்கிக் கேட்பேன். பதில் தெரியாவிட்டால் அதிகாரி ஐயாவிடம் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போங்கள். என்னை ஜெயித்துவிட்டால் போங்கள், நானே வாசல்வரை வந்து அனுப்புகிறேன். உங்கள் வீட்டு ஆட்களையும் பார்த்துக்கொள்கிறேன். மணல் தொட்டிப் பெண்கள் அத்தனை பேரும் இதற்கு என்னோடு இருக்கிறார்கள். என்னம்மா, இருக்கிறீர்கள்தானே?

கேட்டதா, தலைவரே? அந்தச் சத்தம் போதும்.

எனக்குத் தந்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்மானத்தை வாசித்ததும் வழக்கமாக, “ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்” என்று கேட்பீர்கள். அத்தனை கையும் தூக்கிய பிறகு, “எதிர்ப்பவர்கள் உண்டா?” என்று ஒப்புக்குக் கேட்பீர்கள். இன்று ஒரு நாள் எதிர்ப்பவர்களை முதலில் கேளுங்கள்.

கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இதோ, நான் தூக்கிவிட்டேன். செத்தவனின் கூடப்பிறந்தவள் எதிர்த்துத் தூக்கியிருக்கிறாள். இனிமேல் உங்களில் யாருக்கும் வெட்கம் வேண்டாம்.